பல் முளைக்கும் குழந்தையின் அழுகை: புதுப்பிப்பு

கடலூர் முதுநகரில் எங்களோடு இருக்கும் 7 மாத மகள் கீழ் ஈறு வீங்கி இரவெல்லாம் அழுவதைச் சொல்லி, ஈற்றில் தேன் தடவலாமா என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். தடவவில்லை, ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கக்கூடும் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். ஈற்றை மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் களிம்பும் 2 வயதுக்குள் கூடாது என்றார்.

கொதித்து ஆறிய நீரில் நனைத்த பருத்தித் துணியை, உறையவிடாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்து, ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள மறுமுனையை அவள் கடித்தாள். ஆனால், சோப்பிட்டுக் கழுவிய விரலால் என் அம்மா ஈற்றை மெல்ல நீவிவிட்டபோதுதான் அழுகை உண்மையில் அடங்கியது. அந்தக் கைப்பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை. கையில் கட்டியிருந்த வசம்புக் காப்பை அவள் கடிக்கத் தொடங்கியதால், மணி கழன்று தொண்டையில் சிக்கிவிடுமோ என்றஞ்சிக் கழற்றிவிட்டோம். அம்மாவுக்கு அதில் வருத்தம்தான்.

செவ்வாயன்று உடல்வெப்பம் 101 டிகிரியைத் தொட்டது. பல் காய்ச்சல் என்று விட்டுவிட இருந்தோம். பல் முளைப்பதால் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வராது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் உடனே காட்டினோம். காதில் தொற்று இருந்தது. மருந்து தொடர்கிறது, இன்று காலை கீழ் ஈற்றில் வெள்ளைக் கோடு ஒன்று தெரிகிறது.