100 பவுண்டு மரவில்: நுனி முறுக்கிக்கொள்கிறது, உதவுங்கள்

வணக்கம். ஒரே மரத்துண்டில் நுனி வளைந்த வில் செய்துகொண்டிருக்கிறேன். நாணை 28 அங்குலம் இழுத்தால் 100 பவுண்டு இழுவிசை, அதுதான் இலக்கு. (1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த யூ மர வில்கள் 100 முதல் 185 பவுண்டு வரை இருந்திருக்கும் என்கிறார்கள். ஆனால் அவை நேர் வில்கள். நான்தான் ஆசைப்பட்டு நுனியை வளைத்து மாட்டிக்கொண்டேன்.)

45 பவுண்டில் இரண்டு செய்திருக்கிறேன், தொல்லை இல்லை. இது வேறு ரகம். அகலம் இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்குதான். தடிமன் இரட்டித்தால் எட்டு மடங்கு. அதனால் ஒரு சீவல் கூடிப்போனாலும் அந்த இடமே மடிகிறது. இந்த 100 பவுண்டுக்கான முதல் முயற்சி 80 பவுண்டில் வெளிப்பக்க (இழுப்பவருக்கு எதிர்ப்பக்க) நார் கிளம்பி உடைந்தது. அந்தப் பக்கத்தில் மரத்தின் ஆண்டு வளையத்தை அறுத்துவிட்டது என் தப்பு.

இப்போதைய வில்லின் நுனிகளை ஒரு மணி நேரம் ஆவியில் வைத்து அச்சில் வளைத்தேன். நாண் ஏற்றினால் மேல் நுனி இடப்பக்கம் முறுக்கிக்கொள்கிறது. மறுபடி சூடாக்கித் திருப்பலாமா, இல்லை பக்கவாட்டில் சீவி நாணை நடுவுக்குக் கொண்டுவருவதா? அப்புறம், அடுத்த வில்லுக்கு வெளிப்பக்கம் மூங்கில் பட்டை ஒட்டினால் இந்த இழுவிசைக்குத் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை இழுக்காமல் வைத்திருக்கிறேன்.