முதல் குதிரை வாங்கியிருக்கிறேன்: தீவனம் எவ்வளவு, எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பிடரிக்கயிறு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சவாரிப் பள்ளியில் குதிரை ஏறிப் பழகியவன் நான். இப்போதுதான் சொந்தமாக ஒரு பெட்டைக் குதிரை வாங்கியிருக்கிறேன். ஒன்பது வயது, நல்ல சாது. பள்ளியில் சவாரி முடிந்ததும் சேணத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். தீவனம், மருந்து, குளம்பு எல்லாவற்றையும் லாயத்து ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். இனி அத்தனையும் என் பொறுப்பு.

அவளுக்கு விலா எலும்பு லேசாக வெளியே தெரிகிறது. காலையும் மாலையும் வேளைக்கு ஒரு வாளி தானியம் கொடு, புல் கொஞ்சமாகப் போட்டால் போதும் என்று விற்றவர் சொன்னார். தெரிந்த இன்னொருவர், தானியத்தைத் தொடவே தொடாதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? அவளை எடை போட்டுப் பார்க்கவும் என்னிடம் வசதி இல்லை.

இன்னொன்று, அவள் தனியாகத்தான் இருக்கிறாள். அது பரவாயில்லையா? அப்புறம், எந்த அறிகுறியைப் பார்த்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்? எனக்கு இதுதான் பெரிய பயம்.

லாயத்து அக்கா எழுதியது:

தம்பி, வாழ்த்துகள். தானியம் எவ்வளவு என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் கேட்க வேண்டியது, அவள் வாயில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் புல் இருக்கிறது என்பதுதான். நான் லாயம் பார்த்துக்கொள்ளும் இத்தனை காலத்தில், புதிதாகக் குதிரை வாங்கி வருகிற எல்லாரிடமும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

காரணத்தையும் சொல்கிறேன். குதிரையின் உடம்பு பெரிது, இரைப்பை சின்னது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். ஆனால் அதில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி. அந்த அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர். குதிரைக்கு மெல்லும்போது மட்டும்தான் உமிழ்நீர் ஊறும். ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதே ஒரு கிலோ தானியம் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். மீதி நேரமெல்லாம் காலி வயிற்றில் அமிலம் நிற்கிறது. இரைப்பைப் புண் வருவது அப்படித்தான். திறந்த வெளியில் மேய விட்டால் குதிரை ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கும் மேல் மேயும். நாம் லாயத்தில் கட்டிவிட்டு இரண்டு வேளைச் சாப்பாடு போடுவது நமக்கு வசதி, அவ்வளவுதான். அவள் குடலுக்கு அது ஒத்துவராது.

எடைக்கு ஒரு அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால், முதுகு மேட்டைச் சுற்றி வருகிற மாதிரி மார்புச் சுற்றளவை எடுங்கள். அடுத்து, தோள்பட்டை முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனைவரை நீளம். இரண்டும் சென்டிமீட்டரில் இருக்கட்டும். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வந்துவிடும். சுற்றளவு 170, நீளம் 160 என்றால் ஏறத்தாழ 390 கிலோ. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் கண்ணால் மதிப்பிடுவதைவிட எவ்வளவோ மேல்.

அந்த எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்புல் ஒரு நாளைக்கு வேண்டும். 390 கிலோ குதிரைக்கு ஏறத்தாழ 8 கிலோ. இளைத்திருக்கிறவளுக்கு இரண்டரை பங்குவரை போகலாம். ஒன்றரை பங்குக்குக் கீழே இறங்காதீர்கள். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொட்டாமல் நாலைந்து தடவையாகப் பிரித்துப் போடுங்கள். இரவுக்குப் பெரிய பங்கை ஒதுக்குங்கள், ஏனென்றால் நீண்ட இடைவெளி அதுதான். சின்னக் கண்ணியுள்ள வலைப்பையில் புல்லை வைத்தால் மெதுவாகத் தின்பாள். தரையில் போட்டுக் கொடுத்தாலும் நல்லதுதான், தலை குனிந்து தின்பது குதிரைக்கு இயல்பு.

இனி தானியம். வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கடுமையாக வேலை செய்கிற குதிரைக்கும் பால் கொடுக்கிற குதிரைக்கும் அது தேவைப்படலாம். வாரத்தில் சில நாள் மிதமான சவாரி போகிற குதிரைக்கு நல்ல புல்லும் உப்பும் தாதுக்கலவையும் இருந்தாலே போதும். கொடுப்பதானால் ஒரு வேளைக்கு ஒன்றரை கிலோவைத் தாண்டாதீர்கள். வாளிக் கணக்கை விட்டுவிட்டுத் தராசில் நிறுத்துக் கொடுங்கள். ஒரு வாளி ஓட்ஸும் ஒரு வாளி மக்காச்சோளமும் ஒரே எடை கிடையாது. அளவு மீறினால் மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே புல்லை நொதிக்க வைக்கிற நுண்ணுயிர்கள் செத்து, அமிலம் ஏறி, கடைசியில் அது குளம்புக்குள் அழற்சியாக வந்து நிற்கும். வயிற்றில் போட்ட தப்பு காலில் தெரியும் என்பதை நிறைய பேர் நம்புவதில்லை. குளம்பு சூடாக இருந்தாலோ, எடையைப் பின்னங்கால்களில் சாய்த்து நின்று நடக்க மறுத்தாலோ அது அவசரம்.

விலா தெரிகிறதே என்று உடனே தானியத்தை ஏற்றாதீர்கள். முதலில் பல்லைக் காட்டுங்கள். குதிரைப் பல் ஆயுசு முழுக்க வருஷத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும், அரைத்து அரைத்துத் தேயும். தேய்வு சமமாக இல்லாவிட்டால் ஓரத்தில் கூர் முளைத்துக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். பாதி மென்ற புல் உருண்டையாகக் கீழே விழுந்து கிடந்தால் காரணம் பெரும்பாலும் பல்தான். அதைச் சரி செய்யாமல் எதைப் போட்டாலும் உடம்பில் ஒட்டாது. பல் சரியாக இருந்தால், குடற்புழு இருக்கிறதா என்று பார்க்க லத்திப் பரிசோதனை. அதுவும் சரி என்றால் புல்லைக் கூட்டி, அதில் குதிரை மசால் என்கிற தீவனப் பயிரைக் கொஞ்சம் கலந்து கொடுங்கள். புரதமும் கால்சியமும் அதில் நிறைய உண்டு. விலா கண்ணுக்குத் தெரியக் கூடாது, ஆனால் கையை வைத்துத் தடவினால் சட்டென்று தட்டுப்பட வேண்டும். சரியான உடம்பு அதுதான்.

எந்தத் தீவனத்தை மாற்றினாலும் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில் கொஞ்சம் குறைத்து, புதியதில் கொஞ்சம் சேர்த்து, அப்படியே போக வேண்டும். உலர்புல்லை மாற்றுவதற்கும் இதே விதிதான், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீர் 25 முதல் 45 லிட்டர்வரை குடிப்பாள். வெயிலிலும் வேலை நாளிலும் இன்னும் கூடும். தொட்டியைத் தினமும் கழுவுங்கள். உப்புக்கட்டியை எப்போதும் நக்கக் கிடைக்கிற இடத்தில் வையுங்கள்.

தனிமை பற்றிக் கேட்டீர்கள். பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது. குதிரை கூட்டத்தில் வாழ்கிற பிராணி. துணையாக இன்னொன்று காவலுக்கு நின்றால்தான் கால் நீட்டிப் படுக்கும். நின்றபடியே அரைத்தூக்கம் போடும் என்பது உண்மைதான். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குத் தினமும் சிறிது நேரமாவது படுத்தாக வேண்டும். இன்னொரு குதிரை முடியாது என்றால் கழுதையோ ஆடோ கூட இருக்கட்டும். அதுவும் உடனே முடியாதென்றால், மற்ற குதிரைகள் இருக்கிற லாயத்தில் கொஞ்ச நாள் விட்டுவைப்பதைப் பற்றி யோசியுங்கள். தனியாக அடைபட்டு, மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்கப் பழகிவிட்டால் அந்தப் பழக்கம் லேசில் போகாது. பார்க்கவே மனசு கஷ்டப்படும்.

குளம்படி எழுதியது:

லாடம் அடிக்கிற தொழில் என்னுடையது. அக்கா சொன்னதோடு குளம்பைப் பற்றி மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

தினமும் நாலு குளம்பையும் தூக்கிக் கொக்கியால் சுத்தம் செய்யுங்கள். குதிகாலிலிருந்து முனையை நோக்கிக் கொக்கி போக வேண்டும். நடுவில் முக்கோணமாக ஒரு மெத்தைப் பகுதி இருக்கும், அதன் இரண்டு பக்கப் பள்ளத்திலும் அழுக்கு தேங்கும். கறுப்பாகக் கசிந்து கெட்ட நாற்றம் வந்தால் அழுகல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஈரத்திலும் சிறுநீரிலும் நிற்கிற குதிரைக்குத்தான் பெரும்பாலும் வரும். மருந்தைவிட முதலில் தரையைக் காய வையுங்கள்.

லாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் குளம்பைச் செதுக்கிவிட வேண்டும். முனை நீண்டுபோன குளம்பு தசைநாரை இழுத்து வலிக்க வைக்கும். எட்டாவது வாரம் தாண்டி என்னைக் கூப்பிடுகிறவர்கள் குதிரைக்குத்தான் கஷ்டம் கொடுக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள்: காலைத் தூக்கும்போது அமைதியாக நிற்கப் பழக்குங்கள். சில வினாடிகள் பிடித்து, அவள் இழுக்காமல் இருக்கும்போதே கீழே வையுங்கள். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் நேரம். லாடம் அடிப்பவரும் ஒரு மனிதர்தானே, உதை வாங்காமல் வீடு போகட்டும்.

மேய்ச்சல்வெளி எழுதியது:

இளைத்த குதிரைக்கு முதலில் குடற்புழு மருந்து கொடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் கொடுத்தால் போதும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பிடரிக்கயிறு எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா, குளம்படி அண்ணனுக்கும் நன்றி. நாடாவால் அளந்தேன், 380 கிலோ சுமார் வருகிறது. பல் பார்க்க மருத்துவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். புல் மூட்டையில் ஒன்று உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கிறது, வெயிலில் உலர்த்திப் போடலாமா? பக்கத்தில் மாடு வளர்க்கிறவர், மாட்டுத் தீவனம் மிச்சம் இருக்கிறது, எடுத்துக்கொள் என்கிறார். அவசர அறிகுறி பற்றியும் சொல்லுங்கள்.

லாயத்து அக்கா எழுதியது:

தம்பி, மாட்டுத் தீவனத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள். கோழித் தீவனமும் கூடாது. அவற்றில் சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்தைக் கலப்பார்கள். மாட்டுக்கும் கோழிக்கும் அது ஒன்றும் செய்யாது, குதிரைக்கு இதயத் தசையையே அழித்துவிடும். கொஞ்ச அளவே போதும் உயிரை எடுக்க. மாற்று மருந்து கிடையாது. அவர் நல்ல மனசோடுதான் கொடுக்கிறார், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பூஞ்சை பிடித்த மூட்டையைத் தூக்கிப் போடுங்கள். உலர்த்தினாலும் நஞ்சும் தூசியும் போகாது, நுரையீரல் கெடும். நல்ல புல்லாகவே இருந்து தூசி மட்டும் கொஞ்சம் இருந்தால் தண்ணீரில் நனைத்துப் போடலாம். புல்வெளியில் இயந்திரம் வெட்டிக் குவித்த பச்சைப் புல்லையும் அள்ளிப் போடாதீர்கள், குவியல் வேகமாகப் புளித்துவிடும். வேலி ஓரத்தில் அரளி இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். அதன் காய்ந்த இலைகூடக் கொல்லும்.

மேய்ச்சல்வெளி சார், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்ற கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிக் கொடுத்துக் கொடுத்துத்தான் மருந்துக்கு அசையாத புழுக்கள் பெருகிவிட்டன. ஒரு மந்தையில் ஐந்தில் ஒரு பங்குக் குதிரைகள்தான் பெரும்பாலான புழு முட்டைகளை லத்தியில் வெளியே போடும். லத்தியில் முட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு, தேவைப்படுகிற குதிரைக்கு மருத்துவர் சொல்கிற மருந்தைக் கொடுப்பதுதான் சரி. மேய்கிற இடத்திலிருந்து வாரம் இரண்டு தடவை லத்தியை அள்ளினால் பாதி வேலை முடிந்த மாதிரி. தடுப்பூசியில் டெட்டனஸை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப் போடாதீர்கள். குதிரைக்கு அந்த நோய் சீக்கிரம் பற்றும், சின்ன ஆணிக் காயம் போதும்.

இப்போது அவசரம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால்தான் வயிற்று வலி அதற்கு இவ்வளவு ஆபத்தாகிறது. முன்னங்காலால் தரையைப் பறிப்பது, திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்ப்பது, படுத்து எழுந்து புரள்வது, காரணமில்லாமல் வியர்ப்பது, தீவனத்தை ஒதுக்குவது, லத்தி போடாமல் இருப்பது. இதில் எதைப் பார்த்தாலும் உடனே கூப்பிடுங்கள், நடு இரவாக இருந்தாலும் சரி. மருத்துவர் வரும்வரை தீவனத்தை எடுத்துவிடுங்கள். புரள முயன்றால் மெதுவாக நடத்துங்கள். வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். வலி மருந்தையும் நீங்களாகப் போடாதீர்கள்.

மூக்கு வழியாக எச்சிலும் தீவனமும் சேர்ந்து வந்தால் உணவுக்குழாயில் அடைப்பு. தீவனம், தண்ணீர் இரண்டையும் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.

அவள் நன்றாக இருக்கும்போதே அளந்து எழுதி வையுங்கள். ஓய்வில் நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடம்புச் சூடு 37.2 முதல் 38.3 டிகிரிவரை இருக்கும். நாடியைத் தாடை எலும்பின் அடியில் விரல் வைத்துப் பார்க்கலாம். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். வயிற்று வலியோடு நாடி 60ஐத் தாண்டினால் போனிலேயே அதைச் சொல்லிவிடுங்கள், மருத்துவர் கிளம்புகிற வேகம் மாறும். அவளுக்கு வழக்கமான லத்தி எத்தனை தடவை, எப்படி இருக்கும் என்பதையும் இந்த வாரமே கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது மாறினால் முதலில் காட்டிக் கொடுப்பது அதுதான்.

பிடரிக்கயிறு எழுதியது:

மாட்டுத் தீவனம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன் அக்கா. அந்த மூட்டையையும் வெளியே போட்டாயிற்று. வேலி ஓரத்தில் அரளி ஒரு செடி இருந்தது, வெட்டிய கிளைகளை அவள் எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். நாடி பார்க்க இன்னும் கை பழகவில்லை. தாடைக்கு அடியில் எந்த இடம்?

குளம்படி எழுதியது:

தாடை எலும்பின் கீழ் விளிம்பில், முன்பக்கமாக விரலை நகர்த்துங்கள் தம்பி. பென்சில் கனத்தில் ஒரு குழாய் உருளும். எலும்பின் உள்பக்கத்தோடு அதை லேசாக அழுத்துங்கள். அழுத்தம் அதிகமானால் துடிப்பு தெரியாது. கட்டைவிரலை வைக்காதீர்கள், உங்கள் துடிப்பே அதில் வந்துவிடும். அவள் புல் மென்றுகொண்டிருக்கும்போது தாடை அசையும், தின்று முடித்து நிற்கும் நேரமாகப் பாருங்கள்.