சாட்ஸ்வொர்த் கடைக்கூரையில் சோலார்: கொட்டேஷனில் போட்ட வரிச்சலுகை இன்னும் இருக்கிறதா?

கடைவீதி கேட்டது:

வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மளிகைக் கடை. கடை பிரைவேட் கம்பெனி பேரில், கட்டிடம் அப்பா பேரில். முனிசிபாலிட்டி மின்சாரம், மூன்று பேஸ், 80 ஆம்பியர். ஆறு ஃப்ரீஸர், ஒரு குளிரறை. பில்லில் பெரும்பகுதி பகலில் ஓடுவதுதான்.

வந்திருக்கும் கொட்டேஷன்: 550 வாட் பேனல் 24, மூன்று பேஸ் 12 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், ஒரு பேட்டரி, கம்பி, சட்டம், கூலி எல்லாம் சேர்த்து மதிப்புக் கூட்டு வரி இல்லாமல் 4,20,000 ராண்ட். வடக்குச் சரிவில் 16 பேனல் ஒரே ஸ்ட்ரிங், மேற்குச் சரிவில் 8. அடியில் "125 சதவீத வரிக்கழிவு உண்டு, கூடவே 15,000 ராண்ட் சார்ஸ் (தென்னாப்பிரிக்க வரித்துறை) திருப்பித் தரும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். இது உண்மையா?

இன்னொன்று. அக்கா மகன் மெட்ரிக் முடித்துவிட்டான். ஐந்து நாள் சோலார் கோர்ஸ், முடித்ததும் வேலை என்று ஒரு விளம்பரம். சேர்க்கலாமா? இந்த மாதிரி பையன்களை வேலைக்கு வைத்தால் அரசாங்கம் ஏதோ பணம் கொடுக்கிறதாமே?

---

வரிக்கணக்கு பதில்:

கொட்டேஷனின் அந்தக் கடைசி வாக்கியத்தை முதலில் அடித்துவிடுங்கள். இரண்டுமே முடிந்துபோன சலுகைகள்.

15,000 ராண்ட் என்பது வருமானவரிச் சட்டத்தின் 6சி பிரிவு. தனிநபர் வீட்டுக்கு மட்டும். கம்பெனிக்கு எப்போதுமே இல்லை. 2023 மார்ச் 1 முதல் 2024 பிப்ரவரி 29 வரை, 275 வாட்டுக்குக் குறையாத புதிய பேனலின் விலையில் 25 சதவீதம், உச்சவரம்பு 15,000. இன்வெர்ட்டர், பேட்டரி எதுவும் அதில் சேராது. 125 சதவீதம் என்பது 12பிஏ பிரிவு. 2025 பிப்ரவரி 28-க்குள் முதன்முதலாக ஓட ஆரம்பித்த அமைப்புக்குத்தான். பழைய கொட்டேஷனை நகல் எடுத்து விலையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

மிச்சம் இருப்பது பழைய 12பி. அதுவும் மோசமில்லை: 1 மெகாவாட்டுக்கு மிகாத சோலார் பிவி என்றால் முதல் வருஷமே செலவின் 100 சதவீதத்தையும் கழிக்கலாம். ஆனால் கழிவு வேறு, கையில் வரும் பணம் வேறு. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 27 சதவீதம் கட்டும் சாதாரணக் கம்பெனிக்குப் போதிய லாபம் இருந்தால் 4,20,000-க்கு மிச்சமாகும் வரி 1,13,400 ராண்ட். உங்கள் கம்பெனி சிறுதொழில் கம்பெனி விகிதத்தில் இருந்தால் கணக்கே மாறும். 2025-26 அட்டவணைப்படி, வரிக்குரிய வருமானம் 5,00,000 என்று வையுங்கள். வரி 47,198. கழிவுக்குப் பிறகு வருமானம் 80,000, வரி பூஜ்யம். ஆக உங்களுக்கு மிச்சம் 47,198 மட்டுமே. அதே 4,20,000 செலவுதான், லாபம் பாதிகூட இல்லை. டர்ன்ஓவர் வரித் திட்டத்தில் இருந்தால் இன்னும் மோசம்: விற்பனைமேல் வரி என்பதால் 12பி-யால் ஒரு சென்ட்கூடக் குறையாது. முதலில் ஆடிட்டரிடம் நீங்கள் எந்தத் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

பேனல், இன்வெர்ட்டர், தாங்கும் சட்டம், கம்பி, பொருத்தும் கூலி 12பி-க்குள் வரும். பேனலே இல்லாமல் முனிசிபாலிட்டி மின்சாரத்தில் சார்ஜ் ஆகும் பேட்டரி-இன்வெர்ட்டருக்கு 12பி கிடையாது. அது மின்சாரம் உற்பத்தி செய்யவில்லை. அதனால் பேட்டரியை எப்படிக் காட்டுவது என்பதை பில் போடுவதற்கு முன்பே ஆடிட்டரோடு பேசிவிடுங்கள்.

அடுத்தது உங்கள் கேள்வியில் ஒளிந்திருக்கும் சிக்கல். கட்டிடம் அப்பா பேரில். நிலத்தோடு நிரந்தரமாக இணைத்த பொருள் நிலத்துக்காரருக்கே என்பது இங்கத்திய பொதுச்சட்டம். பேனல் கம்பெனியின் சொத்தாக இருந்தால்தான் கம்பெனிக்குக் கழிவு. குடும்பத்துக்குள் எதற்குக் காகிதம் என்று விட்டுவிடாதீர்கள். கம்பெனிக்கும் அப்பாவுக்கும் வாடகை ஒப்பந்தம் போட்டு, பேனல்கள் கம்பெனியின் சொத்து, கழற்றிக்கொண்டு போகலாம் என்று ஒரு ஷரத்து வையுங்கள். இன்வாய்ஸ் கம்பெனி பேரில் வரவேண்டும், பணமும் கம்பெனிக் கணக்கிலிருந்தே போகவேண்டும். மாத வாடகைக்கு சோலார் கொடுக்கும் திட்டம் என்றால் 12பி வாடகைக்கு விடும் அந்தக் கம்பெனிக்கு. உங்களுக்கு மாதத் தொகை சாதாரணச் செலவு மட்டும்.

பின்னால் எப்போதாவது விற்றால், கழித்த தொகை விற்ற விலை அளவுக்குத் திரும்ப வருமானத்தில் ஏறும். அதையும் மனதில் வையுங்கள்.

---

கம்பிவேலை பதில்:

வரிக்கணக்கு ஐயா காகிதத்தைச் சொல்லிவிட்டார். நான் அந்த "16 ஒரே ஸ்ட்ரிங்" பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அது இன்வெர்ட்டரைக் கொன்றுவிடும்.

550 வாட் பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் சுமார் 49.8. பதினாறைத் தொடராகக் கட்டினால் 797 வோல்ட். இந்த வகை 12 கிலோவாட் ஹைப்ரிட்கள் பலவற்றில் டிசி உச்சவரம்பு 800. "800-க்குள் இருக்கிறதே" என்பார்கள். அந்த 49.8 என்பது பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது. குளிர்ந்தால் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு ஏறக்குறைய 0.27 சதவீதம். ஜூலை மாதம் விடிகாலை 10 டிகிரி என்றால் 15 டிகிரி வித்தியாசம், 4 சதவீதம் கூடுதல்: 829 வோல்ட். சூரியன் எழுந்து இன்வெர்ட்டர் இன்னும் லோடு எடுக்காத அந்தச் சில நிமிடத்தில்தான் உள்ளே போர்டு எரியும். வாரண்டி கேட்டுப் போனால் பதிவான வோல்டேஜைப் பார்த்துவிட்டுக் கையை விரிப்பார்கள்.

வடக்குச் சரிவின் 16-ஐ எட்டு எட்டாகப் பிரித்து இணையாக முதல் எம்பிபிடியில் (இன்வெர்ட்டரின் பேனல் உள்ளீடு) கொடுக்கட்டும். மேற்கின் 8 இரண்டாவது எம்பிபிடியில். எட்டுப் பேனல் 398 வோல்ட். வெயிலில் தகரத்தின்மேல் 65 டிகிரிக்குச் சூடானாலும் இயங்கும் வோல்டேஜ் 290-ஐ ஒட்டி நிற்கும். இணையாகக் கட்டினால் கரண்ட் இரட்டிப்பாகும், சுமார் 28 ஆம்பியர் ஷார்ட் சர்க்யூட். முதல் எம்பிபிடி அதைத் தாங்குமா என்று டேட்டாஷீட்டில் பார்க்கவேண்டும். சில மாடல்களில் இரண்டு உள்ளீடுகளும் ஒரே அளவு இல்லை. இரண்டு ஸ்ட்ரிங் இணைவதற்கு ஃப்யூஸ் அவசியம் வராது, மூன்று என்றால் ஒவ்வொன்றுக்கும் வேண்டும்.

ஊரிலிருந்து வந்தவர்கள் தெற்கு பார்த்து வைக்கச் சொல்கிறார்கள், பழக்கதோஷம். இங்கே சூரியன் வடக்கே. வடக்கு முகம், சாய்வு 30 டிகிரி அருகில் இருந்தால் டர்பனில் ஒரு கிலோவாட்டுக்கு வருஷத்தில் சுமார் 1,400 யூனிட் எதிர்பார்க்கலாம். உங்கள் 13.2 கிலோவாட்டுக்கு 18,500-ஐ ஒட்டி வரும், மேற்குப் பக்கத்தால் கொஞ்சம் குறையும்.

கூரை ஐபிஆர் (மடிப்பு வைத்த) தகரமா? அப்படியானால் திருகாணி தகரத்தோடு நிற்கக்கூடாது, கீழே பர்லின் (தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) வரை இறங்கவேண்டும். பழைய கல்நார் கூரை என்றால் துளையே போடவிடாதீர்கள். 2020 கல்நார் ஒழுங்குவிதிப்படி பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்தான் அதில் கை வைக்கலாம். உப்புக்காற்று வரும் இடத்தில் சட்டம் அலுமினியம், போல்ட் 316 ஸ்டெயின்லெஸ். கொட்டேஷனில் "கால்வனைஸ்டு" என்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

முனிசிபாலிட்டிப் பதிவு: 100 கிலோவாட்டுக்குக் கீழே நெர்சா (தேசிய எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு) பதிவு வேண்டாம், ஆனால் முனிசிபாலிட்டியில் சிறு உற்பத்தியாளராகப் பதிவு கட்டாயம். அக்கம்பக்கத்தோடு பகிர்ந்த லைனில் பொதுவான வரம்பு இணைப்புத் திறனில் கால்பங்கு. 80 ஆம்பியர் மூன்று பேஸ் 55.2 கேவிஏ, கால்பங்கு 13.8. உங்கள் 12 அதற்குள் அடங்குகிறது. தேசிய மின்நிறுவனமான எஸ்காம் அறிவிக்கும் கட்டணச் சலுகையை விற்பனையாளர் காட்டினால் நம்பாதீர்கள். அது எஸ்காமிடம் நேரடியாக மின்சாரம் வாங்குபவருக்கு. முனிசிபாலிட்டிக்கு விண்ணப்பம் வேலை தொடங்கும் முன் போகவேண்டும். இன்வெர்ட்டர் என்ஆர்எஸ் 097-2-1 (பொது மின்சாரத்தோடு இணைப்பதற்கான தரம்) சான்று பெற்றதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அனுமதியும் மீட்டர் மாற்றமும் முடியும்வரை வெளியே மின்சாரம் தள்ளக்கூடாது. பின்னோட்டத்தைச் சில ப்ரீபெய்டு மீட்டர்கள் திருட்டு என்று எடுத்துத் தானே அணைந்துவிடும், சில அதையும் உபயோகமாகக் கூட்டிவிடும்.

---

கடைவீதி:

நன்றி அண்ணே. கல்நார் இல்லை, ஐபிஆர்தான். சிஓசி (மின்வேலை விதிப்படி இருக்கிறது என்ற சான்று) கொடுப்பதாகச் சொல்கிறார்கள். வேலை முடிந்ததும் நான் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க ஏதாவது இருக்கிறதா?

---

கம்பிவேலை:

ஒன்று சொல்கிறேன், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். மெயின் சுவிட்சை அணைத்துப் பேட்டரியில் ஓடவிடுங்கள். அந்த நிலையில் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கிக் காட்டுவார்கள், அது விழும். அது ஒன்றையும் நிரூபிக்காது: பட்டன் உள்ளுக்குள்ளேயே லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் சோதிக்கிறது, எர்த் கம்பியைத் தொடுவதே இல்லை. பிளக்கில் சொருகும் டெஸ்டர் வைத்து லைவிலிருந்து எர்த்துக்கு 30 மில்லிஆம்பியர் விட்டுப் பார்க்கவேண்டும்.

முனிசிபாலிட்டி சப்ளை துண்டிக்கப்பட்டதும் இன்வெர்ட்டரின் நியூட்ரல் எர்த்தோடு ஒரு ரிலே வழியாக இணையவேண்டும். அது இல்லாவிட்டால் ஷாக் அடித்தாலும் எர்த் லீக்கேஜ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். ரிலேக்குப் பதில் நிரந்தரமாக ஒரு கம்பியைப் போட்டுவிடுபவர்களும் உண்டு. சப்ளை திரும்பியதும் இரண்டு இடத்தில் இணைப்பு, காரணம் தெரியாமல் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். பேட்டரியில் ஓடும் சர்க்யூட்களைத் தனியே பிரிக்கும்போது நியூட்ரலைப் பிரிக்க மறந்தாலும் இதே தொல்லை.

சிஓசி-யில் கையெழுத்திடுபவரின் பதிவு வகையைப் பாருங்கள். மூன்று பேஸுக்கு "இன்ஸ்டலேஷன் எலெக்ட்ரீஷியன்" அல்லது "மாஸ்டர்" வேண்டும். "சிங்கிள் பேஸ் டெஸ்டர்" கையெழுத்து உங்கள் கடைக்குச் செல்லாது.

---

பயிற்சியறை பதில்:

அக்கா மகன் விஷயம். ஐந்து நாள் கோர்ஸில் பேனல் தூக்கவும் எம்சி4 கனெக்டர் அழுத்தவும் கற்கலாம். அதோடு கிடைக்கும் வேலை உதவியாள் வேலைதான், ஆர்டர் குறைந்தால் முதலில் போவதும் அவர்களே. சிஓசி-யில் கையெழுத்திடும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் சோலார் வேலையின் விலை இருக்கிறது. ஆகவே முதலில் எலெக்ட்ரீஷியன், அப்புறம் சோலார்.

வழி இது. டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரியில் எலெக்ட்ரிகல் பிரிவு, ஒரு முதலாளியிடம் அப்ரெண்டிஸ் ஒப்பந்தம், பிறகு டிரேட் டெஸ்ட். மூன்று நான்கு வருஷம் பிடிக்கும். அதற்குமேல் இன்ஸ்டலேஷன் ரூல்ஸ் தாள் இரண்டையும் தேறித் தொழிலாளர் துறையில் பதிவு செய்தால்தான் வயர்மேன் லைசென்ஸ். பழைய என்1 முதல் என்3 பாடத்திட்டத்தைப் படிப்படியாக நிறுத்துகிறார்கள். சேரும் முன் அந்தக் கோர்ஸுக்குக் க்யூசிடிஓ (தொழிற்படிப்புகளைக் கண்காணிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். லைசென்ஸ் வந்தபின் சோலார் தொழில் சங்கமான சாப்வியாவின் பிவி கிரீன்கார்டு மதிப்பீடு எழுதலாம். அது லைசென்ஸுக்கு மாற்று இல்லை, மேலே ஒரு சேர்க்கை. உயரத்தில் வேலை செய்யும் பயிற்சியும் மருத்துவத் தகுதிச் சான்றும் கூடவே வேண்டும், கூரையேறும் எந்த நல்ல கம்பெனியும் அது இல்லாமல் ஏற்றாது.

அரசாங்கப் பணம் என்றால் பையனுக்கு நேரே வருவதில்லை, முதலாளிக்கு வரிக்குறைப்பாக வருகிறது. ஒன்று, வேலைவாய்ப்பு வரி ஊக்கத்தொகை: 18 முதல் 29 வயது, மாதச் சம்பளம் 5,300 ராண்ட் என்றால் முதல் 12 மாதம் மாதத்துக்கு 1,500, அடுத்த 12 மாதம் 750. மொத்தம் 27,000. மாதாமாதம் இஎம்பி201 படிவத்தில் பிஏஒய்இ-யிலிருந்து (சம்பளத்தில் பிடித்துக் கட்டும் வரி) கழிப்பார்கள். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்தாலோ, முதலாளி வரிக்கணக்கு பாக்கி வைத்திருந்தாலோ கிடையாது. இரண்டு, 12எச் பிரிவு: பதிவு செய்த லேர்னர்ஷிப் அல்லது அப்ரெண்டிஸ் ஒப்பந்தத்துக்கு வருஷத்துக்கு 40,000 ராண்ட் கழிவு, முடித்ததும் ஒப்பந்தத்தின் முழு வருஷம் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு 40,000. ஒப்பந்தம் செட்டாவில் (துறைவாரிப் பயிற்சி அமைப்பு) பதிவாகாமல் முதலாளியின் மேஜை இழுப்பிலேயே கிடந்தால் கழிவு போச்சு. பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

சின்ன காண்ட்ராக்டர்களில் பலருக்கு இந்த இரண்டும் தெரியாது. வேலை கேட்டுப் போகும்போது பையன் இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும்.

---

நேட்டால்காரன்:

கோமாட்டிக்கு வந்த பணம், கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் நம்ம நாட்டுக்குச் சொன்ன 8.5 பில்லியன் டாலர், இதெல்லாம் நம்ம கூரைக்கு வராதா? கார்பன் வரி வேறு ஏறிக்கொண்டே போகிறது.

---

வரிக்கணக்கு:

வராது. கோமாட்டி 2022 அக்டோபரில் மூடிய நிலக்கரி நிலையம். அதற்கு உலக வங்கி ஒதுக்கிய 497 மில்லியன் டாலர் அந்த இடத்தில் சோலார், காற்றாலை, பேட்டரி அமைக்கவும் அங்கே வேலை இழந்தவர்களுக்கும். 8.5 பில்லியனில் பெரும்பகுதி கடன், மானியம் இல்லை. போதாததற்கு 2025-இல் அமெரிக்கா விலகிவிட்டது. கார்பன் வரி 2019-இல் டன்னுக்கு 120 ராண்ட், 2025-இல் 236. ஆனால் எரிபொருள் எரிப்பவருக்கு வரம்பு 10 மெகாவாட் வெப்பத்திறன். கடை ஜெனரேட்டர் அதன் பக்கத்திலேயே வராது. நீங்கள் கட்டுவது டீசல் விலைக்குள் ஒளிந்திருக்கிறது, 2025 ஏப்ரலில் அது லிட்டருக்கு 17 சென்ட் ஆனது.

பயிற்சியறை சொன்னதில் கடைவீதிக்கு ஒரு திருத்தம். அக்கா மகனை உங்கள் கம்பெனியிலேயே வைத்து அந்த 1,500-ஐக் கோரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முதலாளியோடு தொடர்புடைய நபருக்கு அது கிடையாது; பங்குதாரரின் நெருங்கிய உறவும் அந்த வலையில் விழும். வேறொரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்தால் அவருக்குத் தாராளமாகக் கிடைக்கும்.

---

கடைவீதி:

ஸ்ட்ரிங்கை எட்டு எட்டாகப் பிரித்து, அடியில் இருக்கும் வரிச்சலுகை வாக்கியத்தை எடுத்துவிட்டு, கம்பெனி பேரில் புதுக் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன். வாடகை ஒப்பந்தத்தை இந்த வாரமே அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.

---

வரிக்கணக்கு:

தேதியைப் பாருங்கள். ஒப்பந்தத் தேதி இன்வாய்ஸுக்கு முன்னால் இருக்கட்டும். சிஓசி வாங்கி அமைப்பு ஓட ஆரம்பிக்கும் தேதி கம்பெனியின் நிதியாண்டு முடிவுக்குள் விழவேண்டும், இல்லாவிட்டால் கழிவு அடுத்த வருஷத்துக்குப் போய்விடும்.