வாயாடி, பஜாரி, அடங்காப்பிடாரி: இந்தச் சொற்கள் உங்கள் மேல் விழுந்த இடம் எது?

பதிவைத் தொடங்குபவர், மதுரை மாவட்டத்து ஊராட்சி ஒன்றிலிருந்து

2023 அக்டோபர் 2 அன்று எங்கள் ஊர் கிராம சபைக் கூட்டத்தில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைக் கழுவியதாகவும் அதற்குப் பிளீச்சிங் பவுடர் வாங்கியதாகவும் வரவு செலவுக் கணக்கில் வாசித்தார்கள். தொட்டியின் ஏணியில் யாரும் ஏறியதை எங்கள் தெருவில் ஒருவரும் பார்க்கவில்லை என்பதால், எந்தத் தேதியில் கழுவினீர்கள் என்று எழுந்து கேட்டேன். தலைவர் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் ஒரு பெண். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு என்று ஆக்கிய பிறகு, 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் வென்று வந்தவர். ஆனால் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொன்னவர் அவருடைய கணவர்.

“பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியப்போகுது?” என்று வேப்பமரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நான் மறுபடியும் தேதியைக் கேட்டேன். “வீட்டுல அடக்க ஆளில்ல, அதான் அடங்காப்பிடாரியா அலையுது” என்றது இன்னொரு குரல். அதற்குப் பிறகு எனக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர் எழுந்து, என்னைவிட உரத்த குரலில், கையை நீட்டி நீட்டி, அதே தேதியைத்தான் கேட்டார். “அண்ணன் விவரமாக் கேக்குறாரு, குறிச்சுக்கங்க” என்று ஊராட்சிச் செயலரிடம் சொன்னார்கள். அவரும் குறித்துக்கொண்டார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. என்னை வைதது எனக்குப் புதிதல்ல. என் கேள்வி காற்றில் கரைந்து, அதே கேள்வி இன்னொருவர் வாயிலிருந்து வந்தவுடன் தாளில் ஏறியதே, அதுதான் உறுத்தியது. கோபத்தில் யாரும் யாரையும் வைவதுதான், இதில் ஆண் பெண் என்ற பேச்சே வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். அப்படித்தானா என்று உங்களிடம் கேட்கிறேன். எந்தச் சொல்லைக் கேட்டீர்கள் என்பதை மட்டும் எழுதாமல், அது விழுந்தபோது எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள், விழுந்த பிறகு அந்தப் பேச்சு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆசிரியை, வடசென்னை

என் அம்மா காசிமேட்டில் விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் சுமந்து, வெயில் ஏறுவதற்குள் விற்றுத் தீர்க்க வேண்டிய தொழிலைச் செய்தவர். அந்தத் தொழிலில் குரல்தான் முதல். ஏலம் கூறுகிறவரின் காதில் விழும்படி கேட்காவிட்டால் நல்ல கூடை வேறு கைக்குப் போய்விடும். மூன்றாவது மாடிக்குக் கேட்கும்படி “சங்கரா, கானாங்கெளுத்தி” என்று கூவாவிட்டால் மீன் கெட்டுப்போகும். பேருந்தில் கூடையை ஏற்ற மறுக்கும் நடத்துநரிடம் வாதாடாவிட்டால் வீடு வந்து சேர முடியாது. அந்தக் குரல்தான் எங்கள் மூன்று பேரையும் படிக்கவைத்தது.

ஏழாம் வகுப்பில், சத்துணவில் புழு கிடந்தது என்று நான் எழுந்து சொன்னபோது, “மீன்காரி மாதிரி கத்தாதே, பஜாரி” என்றார் ஒருவர். வகுப்பில் எல்லாருக்கும் என் அம்மா யார் என்பது தெரியும். சாப்பாட்டுத் தட்டையும் மறந்து, புழுவையும் மறந்து, என் தலை குனிந்தது. என் அம்மாவை நினைத்து நான் வெட்கப்பட்ட முதல் நாள் அது. இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

பிறகு நானே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர வந்தபோதுதான் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். பஜார் என்பது பாரசீகத்திலிருந்து வந்து நம்மிடம் தங்கிவிட்ட சொல். கடைத்தெரு என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை. அந்தக் கடைத்தெருவில் நின்று விலை பேசுகிற ஆண் வியாபாரி ஆகிறார், கொஞ்சம் காசு சேர்ந்தால் முதலாளி ஆகிறார். அதே இடத்தில் நின்று அதே விலையைப் பேசுகிற பெண்ணின் பெயர் மட்டும் வசவாகிவிட்டது. வெளியே போய் உழைக்க வேண்டிய தேவையில்லாத வீட்டுப் பெண்ணை அளவுகோலாக வைத்துக்கொண்டு, தெருவில் நின்று சம்பாதித்தாக வேண்டிய பெண்ணை அளந்த சொல் இது என்றே நான் நினைக்கிறேன். ஆகவே அதில் பெண் என்பதற்கான இழிவோடு சாதியும் ஏழ்மையும் சேர்ந்தே இருக்கின்றன. “குழாயடிச் சண்டை” என்பதும் அப்படித்தான். வேட்டி கட்டிய ஆண்கள் அவையிலே நாற்காலியை வீசிக்கொண்டாலும் அதைக் குழாயடிச் சண்டை என்றே எழுதுகிறார்கள். இரண்டு குடம் தண்ணீருக்காக நள்ளிரவில் எழுந்து வரிசையில் நின்ற பெண்களா அந்த நாற்காலியை வீசினார்கள்?

தாங்கள் கேட்ட கேள்விக்கு என் விடை: இல்லை, அது வெறும் கோபமல்ல, பெண்ணிழிவுதான். அந்தப் புழுவைப் பற்றி அன்றைக்கு அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை.

முதுநிலை மாணவி, திருச்சி

என் பாட்டி என்னை இன்றும் வாயாடி என்றுதான் கூப்பிடுகிறார், கன்னத்தைக் கிள்ளி, முத்தம் கொடுத்து. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்தச் சொல்லை அவரிடமிருந்து பிடுங்கவும் மாட்டேன். ஆனால் நான்கு வயதில் விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொன்ன அதே சொல்லை, சென்ற தை மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அத்தை குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பொண்ணு கொஞ்சம் வாயாடி, போகப் போகச் சரியாயிடும்.” மேற்படிப்பை நிறுத்தமாட்டேன் என்று நான் சொன்னதற்குத்தான் அந்த விளக்கம். என் தம்பியும் என்னைப் போலவே ஓயாமல் பேசுவான். அவனுக்கு வக்கீல் களை இருக்கிறதாம்.

தொழிற்சங்கப் பணியில் முப்பது ஆண்டுகள் இருந்தவர், சேலம்

முதலில் ஒரு மறுப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என் மனத்தில் உண்மையாகவே இருந்தது. வாய்க்கொழுப்பு எடுத்தவன், திமிர் பிடித்தவன், சவடால் பேர்வழி என்று ஆண்களையும் வைகிறோமே, நிர்வாகம் என்னை இவை எல்லாவற்றாலும் வைதிருக்கிறதே, பிறகு பெண்களுக்கு மட்டும் இது எப்படித் தனிக்குற்றமாகும் என்று கேட்டவன் நான். ஆனால் மேலே எழுதியிருப்பவற்றைப் படித்தபோது ஒரு வேறுபாடு தெரிகிறது. என்னைத் திமிர் பிடித்தவன் என்றவர்கள் நான் அன்று பேசிய பேச்சுக்காகச் சொன்னார்கள். அடக்க ஆளில்லாதவன் என்று என்னை ஒருவரும் சொன்னதில்லை. என்னை அடக்கி வைத்திருக்க வேண்டியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வந்ததில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைநிறுத்தத்துக்குத் தயங்கி நின்ற தொழிலாளர்களைப் பார்த்து, வாயிற்கூட்டத்தில், “பயந்தா வளையல் போட்டுக்கிட்டு வீட்டுல உட்காருங்கடா” என்று பேசியிருக்கிறேன். கைதட்டல் கிடைக்கும் வசனம் அது. ஒரு நாள் கூட்டம் முடிந்ததும், நூற்புப் பிரிவில் வேலை செய்த ஓர் அம்மா என்னிடம் வந்து, கையைத் தூக்கிக் காட்டி, “தோழர், நான் வளையல் போட்டுக்கிட்டுத்தானே காலைல இருந்து இந்த கேட்ல நிக்கிறேன்” என்றார். அவர் கோபப்படவில்லை. எனக்கு நா எழவில்லை. துணிந்து பேசுகிற பெண்ணை “ஆம்பளை மாதிரி” என்கிறோம், துணியாத ஆணைப் “பொம்பளை மாதிரி” என்கிறோம்; இரண்டு வாக்கியங்களிலும் தாழ்ந்த தட்டில் நிற்பது ஒரே ஆள்தான் என்பதை அந்த வளையல்கள் எனக்குக் காட்டின. அந்த வசனத்தை அதன் பிறகு நான் பேசவில்லை. ஆனால் அதற்கு முன்பு எத்தனை மேடைகளில் பேசினேன் என்பதை எண்ணிப் பார்க்கவே கூசுகிறது.

கணக்காளர், கோயம்புத்தூர்

எங்கள் நிறுவனத்தில் ஒரே தகுதியும் ஒரே பணிக்காலமும் உள்ள இரண்டு பேரில் ஆணுக்கு மட்டும் ஊதிய உயர்வு வந்தது ஏன் என்று கூட்டத்தில் கேட்டேன். “ஃபெமினிஸ்ட் வந்துட்டாங்க, எல்லாரும் வாயை மூடிக்கங்க” என்றார் மேலாளர். அதன் பிறகு ஆறு மாதம் என் பெயர் “ராங்கி”. வாட்ஸப் குழுவில்கூட அப்படித்தான் எழுதினார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பது எனக்குத் தெரியும், தந்தேன். குழுவில் இருந்தவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் அந்தச் சட்டம் பேசுவது பாலியல் தன்மையுள்ள சொல்லையும் செயலையும்தான், ராங்கி என்பதில் அப்படி ஒன்றும் இல்லையே என்று சொல்லி, இரு தரப்பும் இணக்கமாகப் போகும்படி அறிவுரை கூறி முடித்துவிட்டார்கள். சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அவர்கள் சொன்னதை முழுத் தவறு என்று என்னால் தள்ள முடியவில்லை. என் உடலைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருந்தால் அது குற்றம். நான் பேசியதற்காக ஆறு மாதம் என்னைப் பெயர் வைத்துக் கூப்பிட்டால் அது அலுவலக வேடிக்கை.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பாலினம் குறித்த ஒருசார்பு எண்ணங்களை நீதிமன்ற எழுத்திலிருந்து நீக்குவதற்காக ஒரு கையேடு வெளியிட்டது. தீர்ப்புகளிலும் மனுக்களிலும் எழுதக் கூடாத சொற்களையும் அவற்றுக்கு மாற்றுகளையும் அதில் பட்டியலிட்டிருக்கிறார்கள். “கேரியர் உமன்” என்று எழுதாதீர்கள், “பெண்” என்று எழுதினால் போதும் என்கிறது அது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே சொல்லில் பாகுபாடு குடியிருக்கும் என்று ஏற்றுக்கொண்டதைப் படித்தபோது எனக்கு உண்மையான ஆறுதல் கிடைத்தது. ஆனால் அது ஆங்கிலச் சொற்களை முன்வைத்து எழுதப்பட்ட பட்டியல். ராங்கியையும் பஜாரியையும் அடங்காப்பிடாரியையும் இன்ன காரணத்தால் எழுதாதீர்கள் என்று சொல்லும் ஒரு பட்டியல் தமிழில் நமக்கு வேண்டும், அதை நாமே தொடங்கலாம் என்று தோன்றுகிறது.

அந்த ஊதிய உயர்வு எனக்கு இன்னும் வரவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

பதிவைத் தொடங்கியவர் அடங்காப்பிடாரி என்ற சொல்லைக் குறிப்பிட்டதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பிடாரி என்பவள் நம் ஊர் எல்லையைக் காக்கிற அம்மன். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களைக் கொடுத்த இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில், இந்த இந்த நிலங்களுக்கு வரி இல்லை என்று கழித்துச் சொல்லும் இடத்தில் குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பிடாரி கோயிலும் வருகிறது, சேட்டையின் கோயிலும் வருகிறது. சேட்டை என்பவள்தான் மூதேவி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வரியில்லாத நிலத்தில் கோயில் கொண்டிருந்த இரண்டு பெண் தெய்வங்களின் பெயரும் இன்று நம் வீட்டில் மகளை வைவதற்குப் பயன்படுகின்றன. இப்படி வசவாகிப் போன ஆண் தெய்வத்தின் பெயர் ஏதாவது உண்டா என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர் சொன்னால் நன்றியுடன் திருத்திக்கொள்வேன்.

பதிவைத் தொடங்கியவர் மீண்டும்

எல்லாருடைய எழுத்தையும் என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காசிமேட்டு அம்மாவைப் பற்றிய பகுதியை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

அதன் பின்னர் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி 26 அன்று நடந்த கிராம சபைக்கு நான் தனியாகப் போகவில்லை. மகளிர் குழுவில் இருக்கும் பதினொரு பேர் சேர்ந்து, தொட்டியைக் கழுவும் தேதியைத் தொட்டியின் மீதே எழுத வேண்டும் என்று மனு எழுதி, கையெழுத்திட்டு எடுத்துச் சென்றோம். மரத்தடிக் குரல் அன்றைக்கும் இருந்தது, அதே பெட்டைக் கோழியைத்தான் சொன்னது. சிரித்தவர்கள் முன்னைவிடக் குறைவு. எங்களில் மூத்தவரான ஓர் அக்கா தலைவரைப் பார்த்து, அவருடைய கணவரைப் பார்க்காமல், “தலைவரம்மா, நீங்க பதில் சொல்லுங்க” என்றார். தலைவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மைக்கை வாங்கி, தீர்மானத்தில் சேர்க்கும்படி செயலரிடம் சொன்னார். மைக்கில் அவர் குரலை நாங்கள் கேட்டது அதுதான் முதல் முறை.

இப்போது தொட்டியின் தூணில் கழுவிய தேதியும் அடுத்துக் கழுவ வேண்டிய தேதியும் பெயிண்டில் எழுதப்பட்டிருக்கின்றன. தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அக்டோபர் மாதக் கேள்வி சித்தப்பாவின் பெயரில் இருக்கிறது. ஜனவரி மாதத் தீர்மானத்துக்குக் கீழே எங்கள் பதினொரு பேரின் பெயரும் வரிசையாக இருக்கின்றன.