வாயி – பஞ்ச்கனி – சாத்தாரா சைக்கிள் சுற்று: கியர், ரயில், ஏற்றம் பற்றிச் சந்தேகங்கள்

தண்டையார்பேட்டை பெடல்:
வணக்கம் மக்களே. டிசம்பர் நடுவுல மகாராஷ்டிராவில் 5 நாள் சுற்று போறதா முடிவாகியிருக்கு. வாயி, மேணவலி, பஞ்ச்கனி, மகாபலேஷ்வர், பிரதாப்கட், மேதா, சாத்தாரா, லிம்ப், திரும்ப வாயி. 3 பேர். மூணும் ஒரே மாதிரி வண்டிதான்: ஸ்டீல் ஃபிரேம் ஹைபிரிட், 700×35 டயர், முன்னாடி 48/38/28 பல், பின்னாடி 7 ஸ்பீடு 14–28 பல், வி பிரேக் (கட்டை ரிம்மைப் பிடிக்கிறது). சுமை ஆளுக்கு 10 கிலோ, பின் கேரியரில் பை. ஓட்டுறது எல்லாம் எண்ணூர், மீஞ்சூர், பழவேற்காடு. அதாவது மேடுன்னா மேம்பாலம்தான்.

1) இந்த கியர் வாயியிலிருந்து பஞ்ச்கனி போற பசர்ணி காட் (மலைப்பாதை) ஏறத் தாங்குமா? புது வண்டி வாங்குன்னு ஒரே அட்வைஸா வருது.
2) எழும்பூரிலிருந்து புணேவுக்கு வண்டியை எப்படி ரயிலில் ஏத்துறது?
3) எரிமலைப் பாறை நாடுன்னு படிச்சேன். சாலையில் அதனால என்ன வித்தியாசம்? எந்த ஊர்ல நேரம் செலவழிக்கலாம்?

கொருக்குப்பேட்டை பட்டறை:
புது வண்டி வேணாம் தம்பி. பின் சக்கரத்துப் பல்சக்கரக் கொத்து, அதான் ஃபிரீவீல், அதை மட்டும் மாத்து.

கணக்கு பாரு. வாயி சுமார் 720 மீட்டர், பஞ்ச்கனி சுமார் 1290. நடுவுல 12 கி.மீ. ஏறக்குறைய 570 மீட்டர் ஏத்தம், சராசரி 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மி. ஆளு 70, வண்டி 15, சுமை 10, ஆக 95 கிலோ. நிதானமா 120 வாட் மிதிச்சா மணிக்கு 8.5 கி.மீ. போவே, ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள மேல நிப்பே. இப்போ உன்கிட்ட இருக்கிற கடைசி கியர் 28க்கு 28. அதுல நிமிஷத்துக்கு 66 மிதி. பரவாயில்ல. ஆனா சாலை சராசரியா ஏறாது. 8 சதவீதம் வர்ற இடத்துல வேகம் 5.5 கி.மீ.க்கு இறங்கும், மிதி 42 ஆயிடும். அங்கதான் முட்டி போகுது. 14–34 ஃபிரீவீல் போட்டா அதே இடத்துல 51. இந்த 9 மிதிக்கு எதுக்கு புது வண்டி?

மாத்தும்போது கவனிக்க வேண்டியது:

முதல்ல பின் டீரெய்லர், அதான் செயினைப் பல்லு மாத்தித் தள்ளுற கை, 34 பல்லை ஏத்துக்கிற மாடலான்னு பாரு. சில பழைய மாடல் 28 வரைக்கும்தான். அதுல 34 போட்டா மேல் ரோலர் பல்லுல உரசிக்கிட்டே இருக்கும், பின்னாடி இருக்கிற ஸ்க்ரூவை எவ்ளோ திருகினாலும் தீராது.

பழைய செயின் நீளம் பத்தாது. முன்னாடி 48, பின்னாடி 34, டீரெய்லருக்குள்ள விடாம சுத்திப் பிடிச்சு, அதுக்கு மேல 2 கண்ணி. குறைச்சலா விட்டுட்டு மறந்துபோய் பெரிசுக்குப் பெரிசு போட்டீன்னா டீரெய்லர் பிய்ஞ்சு ஸ்போக்ஸுக்குள்ள போயிடும்.

14–34ல கடைசி தாவல் 24லிருந்து நேரா 34. ஏத்தத்துல அழுத்தி மிதிச்சுக்கிட்டே மாத்தினா ஏறாது, கடகடன்னு அடிக்கும். வளைவு தெரிஞ்சதும், கால் லேசா இருக்கும்போதே மாத்திடணும்.

அடுத்தது நம்ம ஏரியா வியாதி, உப்புக் காத்து. பெடல், சீட் போஸ்ட், ஃபிரீவீல் மூணும் கடிச்சுக்கிட்டு நிக்கும். ரயில்ல ஏத்தும்போது பெடல் கழட்டணும், அன்னைக்குப் போய் ஸ்பேனர் போட்டா வராது. 3 வாரம் முன்னாடியே மூணையும் கழட்டி, துரு துடைச்சு, கிரீஸ் வச்சுப் பூட்டு. 15 நம்பர் ஸ்பேனர். இடது பெடல் உல்டா மரை, கடிகாரம் சுத்துற பக்கம் திருப்பினாத்தான் கழலும். இது தெரியாம முறுக்கி முறுக்கி கிராங்க் மரையை ஒழிச்ச வண்டிங்க நிறைய.

பின் ஆக்சில், அதான் சக்கரத்து அச்சு, ஒண்ணு இருக்கு. ஃபிரீவீல் மாடல் ஹப்புல (சக்கரத்து நடுக் குடம்) வலது பக்க பேரிங் குண்டு உள்ள தள்ளி இருக்கும், வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற ஆக்சிலுக்குத் தாங்கல் கிடையாது. சுமையோட பள்ளத்துல விழுந்தா வளையும். சக்கரத்தைக் கழட்டி ஆக்சிலை விரலால சுத்து. முனை வட்டம் போட்டா வளைஞ்சிருக்கு, மாத்திடு.

பிரேக் கட்டை 4ம் புதுசு போடு. பழசுல மணலும் அலுமினியத் துகளும் பதிஞ்சிருக்கும், மலை இறக்கத்துல அது ரிம்மைத் தின்னும். ரிம்மோட பிரேக் படுற பக்கம் விரல் வச்சுப் பாரு. குழிவா தெரிஞ்சா அந்த ரிம் மலைக்கு வேணாம்.

கையில: ஆளுக்கு 2 டியூப், ஒட்டு சாமான், செயின் கட்டர், வலது பின் அளவுல 3 ஸ்போக்ஸ், ஃபிரீவீல் கழட்டுற டூல். அந்த டூல் இல்லன்னா வலது பக்க ஸ்போக்ஸ் இருந்தும் போட முடியாது. பெரிய ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு போகாதே, எந்த லாரி பட்டறையிலும் கிடைக்கும்.

பெரம்பூர் லோகோ:
ரயில் பகுதிக்கு நான் சொல்கிறேன்.

பையில் போட்டு சீட்டுக்கு அடியில் தள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். பெட்டிக்குள் கொண்டுபோகும் சாமானுக்கு அளவு 100 × 60 × 25 செ.மீ. உங்கள் சக்கரம் மட்டுமே டயரோடு 69 செ.மீ. வருகிறது. டிக்கெட் பரிசோதகர் நல்ல மனநிலையில் இருப்பார் என்று நம்பிப் புறப்படுவது திட்டம் ஆகாது.

செய்ய வேண்டியது லக்கேஜ் புக்கிங். பார்சல் ஆபீசில் பயண டிக்கெட்டைக் காட்டி, நீங்கள் போகும் அதே ரயிலின் பிரேக் வேனில் (சாமான் ஏற்றும் பெட்டி) பதியச் சொல்லுங்கள். வெறுமனே ‘பார்சல்’ என்று சொன்னால் இடம் இருக்கும் வேறு வண்டியில் போக வாய்ப்பு உண்டு. நீங்கள் புணேவில், சைக்கிள் எழும்பூரில் என்று ஆகிவிடும். 3 மணி நேரம் முன்னதாகப் போங்கள். ரசீதைப் போட்டோ எடுத்துவிட்டு மூலத்தைப் பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் அங்கே வண்டி கையில் வராது.

கட்டும் முறை: பெடல்களைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி ஃபிரேமோடு இணைத்துக் கட்டுங்கள். பின் டீரெய்லரை ஹேங்கரிலிருந்து (அதை ஃபிரேமில் தாங்கும் சின்ன உலோகத் துண்டு) கழற்றி, துணி சுற்றி, ஃபிரேமுக்குள் பக்கமாகக் கட்டிவிடுங்கள். கேபிளைப் பிரிக்க வேண்டியதில்லை. பிரேக் வேனில் உங்கள் சைக்கிள் மேல் மீன் பெட்டியும் வரும், மோட்டார் பைக்கும் சாயும். முதலில் வளைவது ஹேங்கர்தான். சங்கிலிப் பக்கம் முழுக்க அட்டை வைத்து மேலே சாக்குத் தையல். புது சைக்கிள் வரும் அட்டையைப் பாரிமுனைப் பக்கத்து சைக்கிள் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். பெயர், கைபேசி எண், ‘எழும்பூர் – புணே’ என்று இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில் அட்டை கட்டுங்கள்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: மும்பை போகும் வண்டிக்குப் புணே கடைசி நிலையம் இல்லை. நிற்பது சில நிமிடம். இறக்காமல் விட்டால் சைக்கிள் மும்பை பார்த்துவிட்டுத்தான் வரும். பிரேக் வேன் முன்பக்கமா பின்பக்கமா என்று ஏற்றும்போதே பார்த்துவையுங்கள். புணே வருவதற்கு முன்பே ஒருவர் பையில்லாமல் அந்தப் பக்கத்துப் பெட்டிக்கு நடந்து போய்விடட்டும். வண்டி நின்றதும் ரசீதோடு வேன் வாசலில் நிற்க வேண்டும்.

டிசம்பரில் நம் பக்கம் மழை இருக்கலாம், அங்கே இருக்காது. தண்டையார்பேட்டையிலிருந்து எழும்பூர் போகும் அந்த அரை மணி நேரத்துக்குத்தான் மழைக்கோட்டே தேவைப்படும்.

புணேவிலிருந்து வாயி 85 கி.மீ. தேசிய நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள். லாரியும் சுரங்கமும் தவிர அதில் ஒன்றும் இல்லை. சின்ன டெம்போ பேசி 3 வண்டியையும் ஏற்றிவிடுங்கள்.

செம்புறாங்கல்:
3வது கேள்விக்கு. கூம்பு வடிவ எரிமலையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான், அங்கே அப்படி ஒன்றும் கிடையாது. சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் நிலத்தில் விழுந்த வெடிப்புகள் வழியாகக் குழம்பு வழிந்து, ஆறி, அதன் மேல் மறுபடி வழிந்து, படுகை படுகையாகச் சேர்ந்தது. இன்று மிஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கி.மீ., மேற்குப் பக்கம் 2 கி.மீ.க்கு மேல் கனம். ஒவ்வொரு படுகையிலும் நடுப்பகுதி கெட்டி, அது செங்குத்துச் சுவராக நிற்கும். மேல்பகுதி குமிழி ஓட்டை நிறைந்தது, சீக்கிரம் கரைந்து திட்டாகும். அதனால் மலையே படிக்கட்டு மாதிரி இருக்கும். இந்தப் பாறைப் பகுதிக்கு ‘டெக்கான் டிராப்’ என்று பெயர்; அதில் ‘டிராப்’ என்ற சொல்லே சுவீடன் மொழியில் படியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

படுகைகளின் இடுக்கில்தான் நீர் கசியும், ஊரும் வயலும் அந்தத் திட்டுகளில்தான் இருக்கும். சுவரைக் கடக்கும் இடத்தில் சாலை வளைந்து வளைந்து ஏறும், கடை இருக்காது. சுவருக்கு முன் வரும் கடைசி ஊரில் பாட்டிலை நிரப்பிவிடுங்கள்.

மண் இரண்டு வகை. கீழே கரிசல். காய்ந்திருந்தால் சிமென்ட், நனைந்தால் பசை. லிம்ப் பக்கம் கரும்பு வயலுக்குத் தண்ணீர் விட்ட வழியில் இறங்கினால் பத்து சுற்றிலேயே மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். அப்போது அழுத்தி மிதிக்காதீர்கள், ஹேங்கர் உடையும். தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்து குச்சியால் சுரண்டுங்கள். பஞ்ச்கனியின் மேசைமலை உச்சி செம்புறாங்கல், அதாவது ஓட்டை ஓட்டையான சிவப்புக் கல். அங்கே உருண்டைச் சரளை, முன் பிரேக்கைப் பிடித்தால் வழுக்கும்.

ஊர்களில் நேரம் கொடுக்க வேண்டியது வாயிக்கும் மேணவலிக்கும். மகாபலேஷ்வர் கடைத்தெரு அரை மணிக்கு மேல் தாங்காது. வாயியில் கிருஷ்ணா படித்துறையில் 1762ல் கட்டிய டோல்யா கணபதி கோயில் இருக்கிறது. முன்னால் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் பின்னால் போய்ச் சுவரைப் பாருங்கள்: நேராக இல்லாமல் மீன் முகம் மாதிரி கூராக வெளியே வரும். வெள்ளம் அதில் மோதி இரண்டாகப் பிரிந்துபோக அந்த வடிவம். மேணவலி 3 கி.மீ. தள்ளி. பேஷ்வாக்களின் அமைச்சர் நானா பட்நவீஸின் வாடாவும் (மாளிகை) படித்துறையும் அங்கே. கோயிலில் தொங்கும் பெரிய மணி, 1739ல் மராத்தியர் வசாய் கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தபோது வந்தது.

லிம்பில் ‘பாரா மோட்டாச்சி விஹீர்’ என்று கேளுங்கள். 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டிய கிணறு. மோட் என்றால் நம் ஊர்க் கவலை, அதாவது மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் ஏற்பாடு. ஒரே நேரத்தில் 12 கவலை இறைக்க மேலே கல் அமைப்பு, உள்ளே இறங்கப் படி, கிணற்றுச் சுவருக்குள்ளேயே மண்டபம்.

பிரதாப்கட் கோட்டை 1656ல் சிவாஜி கட்டியது. மகாபலேஷ்வரிலிருந்து சுமார் 24 கி.மீ., போவது பெரும்பாலும் இறக்கம், திரும்புவது ஏற்றம். பையை விடுதியில் விட்டுவிட்டுப் போங்கள். கோட்டைக்குப் பிரியும் இடத்தைத் தவறவிட்டால் சாலை போலாத்பூர் வரை, கிட்டத்தட்ட கடல் மட்டத்துக்கு இறங்கிவிடும்.

காஸ் பீடபூமியைச் சேர்க்காதது சரி. டிசம்பரில் அங்கே பூ இல்லை.

ஒரு வார்த்தை: வழி கேட்கும்போது மராத்தியில் ‘உதார்’ என்று சொன்னால் இறக்கம் என்று பொருள். நம் வடசென்னை உதார் இல்லை. ‘சட்’ என்றால் ஏற்றம். ‘காட்’ என்றால் மலைப்பாதையும்தான், படித்துறையும்தான். வாயியில் எது வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்.

தண்டையார்பேட்டை பெடல்:
அருமை. ஃபிரீவீல் ஆர்டர் போட்டாச்சு. இன்னும் 2: மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்தா போதுமா? வி பிரேக்கில் மேதா பக்க இறக்கம் எப்படி?

எண்ணூர் காத்து:
மேம்பாலம் சுமார் 8 மீட்டர் உயரம்னு வச்சுக்கோங்க. 570 மீட்டருக்கு 71 தடவை ஏறணும், அதுவும் ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது கால் ஓய்வு எடுத்துக்கும். பசர்ணியில் அந்த ஓய்வு கிடையாது. நமக்கு இருக்கிற மலை எதிர்க்காத்துதான். நவம்பரில் வாடை அடிக்க ஆரம்பிச்சதும் பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போங்க, மூஞ்சியிலேயே அடிக்கும். எழுந்து நிக்காம, மிதிக்காம சும்மா உருளவிடாம, பேச முடியற அளவு மூச்சில் 60லிருந்து 70 மிதிக்குள்ள 75 நிமிஷம். தூரம் பத்தலைன்னா திரும்பி வந்து மறுபடி. வாரம் 2 தடவை, கடைசி 3 வாரம் 10 கிலோ சுமையோட. சுமையில்லாம பழகிட்டு அங்கே போய் முதல் தடவை பை மாட்டினா, எழுந்து மிதிக்கும்போது பின்பக்கம் வாலாட்டும்.

ஒரு தடவையாவது ஏலகிரி போய்ட்டு வாங்க. 14 கொண்டை ஊசி. அடிவாரம் பொன்னேரி, ஆனா நம்ம பொன்னேரி இல்லை, ஜோலார்பேட்டை பக்கத்துப் பொன்னேரி. மேப்பில் தப்பா தட்டிடாதீங்க.

இறக்கம்: மகாபலேஷ்வரிலிருந்து சாத்தாரா வரை 600 மீட்டர் உயரம் குறையும், பெரும்பகுதி மேதா வழியில் வர்ற ‘கேள்கர் காட்’ மலைப்பாதையில். பிரேக்கை லேசா பிடிச்சபடியே இறங்குறதுதான் தப்பு. ரிம் சூடாகி, டியூப் காத்து விரிஞ்சு வெடிக்கும், அதுவும் சுமையோட. நேரான பகுதியில் விட்டுட்டு, வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் அழுத்தமா 2–3 விநாடி பிடிச்சு விடுங்க. வளைவுக்குள்ள பிடிக்கக் கூடாது. முதல் 3 கி.மீ. கழிச்சு நின்னு ரிம்மைப் புறங்கையால தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியலைன்னா 10 நிமிஷம் நிறுத்துங்க, தண்ணி ஊத்தாதீங்க. காலை வெயில் வராத வளைவுகளில் பனி ஈரம் இருக்கும். 8 மணிக்கு மேல இறங்குறது நல்லது.

பசர்ணிக்கு நேர் எதிர்: 6 மணிக்கே கிளம்பிடுங்க, அதுவும் செவ்வாய், புதன் மாதிரி நாளில். சனி ஞாயிறு புணே, மும்பை கார் எல்லாம் அந்த ரோட்டில்தான்.

கொருக்குப்பேட்டை பட்டறை:
புது பிரேக் கட்டையோட நேரா மலைக்குப் போகாதே தம்பி. 100 கி.மீ.யாவது இங்க ஓட்டித் தேய். கேபிள் தளரும், திரும்ப ஒரு தடவை இழுத்துக் கட்டணும். ஃபிரீவீல் வந்ததும் வண்டியை எடுத்துக்கிட்டு வா, செயினோட சேர்த்துப் பாத்துடலாம்.