ஆஸ்பத்திரி வாசலில் இலவசச் சாப்பாடு: தொண்டர்கள் வேலையா, அரசு வேலையா?

குழித்துறைக்காரன்:
திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் 2017 ஜனவரி 1 அன்று மார்க்சிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பான டிஒய்எஃப்ஐ தொடங்கியது ‘ஹிருதயபூர்வம்’ பொதிச்சோறு, அதாவது இலையில் கட்டிய இலவசச் சாப்பாடு. முன்கூட்டியே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுவார்கள். வீட்டுக்காரர்கள் தங்களுக்குச் சமைக்கும்போதே ஒன்றிரண்டு பொதி கூடுதலாகக் கட்டித் தருவார்கள். குமரி மாவட்டத்திலிருந்து வைத்தியத்துக்கு அங்கே போகிறவர்கள் நிறைய. அப்பாவோடு பதினோரு நாள் நானும் இருந்தேன். முதல் நாள் பொதியைப் பிரித்தால் தீயில் வாட்டிய வாழையிலை, சோறு, பயறு மெழுக்குபுரட்டி (எண்ணெயில் வதக்கிய பொரியல்), ஓரத்தில் தேங்காய்ச் சம்மந்தி (துவையல்), ஒரு பொரித்த முட்டை. யார் வீட்டு அடுப்பில் வெந்ததோ, இன்றுவரை தெரியாது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் இது வர வேண்டும்.

வைகைக்கரை:
உங்கள் நன்றி புரிகிறது. ஆனாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பசித்தவனுக்குச் சோறு போடுவது அரசின் கடமை. கட்சி அமைப்பு கையில் எடுத்தால் நாளைக்கு அது ஓட்டுக் கணக்காகிவிடும். இங்கே 2013-லேயே அம்மா உணவகம் வந்தது. ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவன் யாரிடமும் கை ஏந்த வேண்டாம்.

குழித்துறைக்காரன்:
என் கட்சி எது என்று வரிசையில் யாரும் கேட்கவில்லை, அண்ணா. அப்புறம், அம்மா உணவகம் எல்லா ஊரிலுமா இருக்கிறது?

வைகைக்கரை:
இல்லை என்றால் கேட்டு வாங்க வேண்டும். தொண்டர்கள் ஒரு நாள் வராமல் போனால் அன்றைக்கு யாரைக் கேட்பது?

குழித்துறைக்காரன்:
எந்த நாள் எந்தப் பகுதிக்காரர்கள் பொறுப்பு என்று முன்பே முறை வைத்திருக்கிறார்கள். நான் இருந்த பதினோரு நாளும் வந்தது.

நைட்_டூட்டி:
அரசு ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். உள்நோயாளிக்கு வார்டிலேயே சாப்பாடு வந்துவிடும். கூட இருக்கிறவருக்குத்தான் எதுவும் கிடையாது. கூலி வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு பாட்டி, பேரன் தின்றது போக மிஞ்சிய ரொட்டி ஓரத்தை டீயில் நனைத்துத் தின்றார். அன்று முழுக்க அவருக்கு அவ்வளவுதான்.
ஆனால் ஒன்று. பொதியைப் படுக்கைக்குக் கொண்டுவராதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் வெளிச்சோற்றோடு வந்த ஊறுகாயைத் தின்றுவிட்டார், மறுநாள் கால் வீங்கிவிட்டது. வாசலில் வைத்து, துணைக்கு இருப்பவர்களுக்குக் கொடுங்கள்.

வைகைக்கரை:
சரி, சிஸ்டர். துணைக்கு இருப்பவர்களுக்கு என்றால், அரசு செய்யும்வரை நானும் வருகிறேன். அரசைக் கேட்பதை மட்டும் நிறுத்த மாட்டேன்.

நைட்_டூட்டி:
கேளுங்கள். முதலில் ராத்திரிச் சாப்பாட்டைக் கேளுங்கள். மதியத்துக்கு எப்படியும் யாராவது வந்துவிடுகிறார்கள்.

வைகைக்கரை:
ராத்திரி உங்கள் வார்டில் எத்தனை பேர் இருப்பார்கள்?

நைட்_டூட்டி:
கட்டிலில் நாற்பது பேர். கீழே பாயில் இன்னொரு நாற்பது.