கருவிகள் இருக்குமிடம்: ஆயத்தொலைவா, அறை எண்ணா?

கேள்வி:
எங்கள் கல்லூரியின் மூன்று மாடி ஆய்வகக் கட்டடத்தில் ஆஸிலாஸ்கோப் முதலிய கருவிகள் அடிக்கடி இடம் மாறுவதால், ஒவ்வொன்றிலும் புளூடூத் வில்லை (சமிக்ஞை அனுப்பும் சிறு அடையாளத் துண்டு) ஒன்றைப் பொருத்தி, இருக்குமிடத்தை மூன்று ஆயத்தொலைவுகளாகத் தரவுத்தளத்தில் பதிந்து வருகிறோம். சுவரோரம் உள்ள கருவி அடுத்த அறையில் இருப்பதாகக் காட்டப்படுகிறது. நேர் மேல் மாடியில் உள்ளதோ "மிக அருகில்" என்று வருகிறது. ஆயத்தொலைவுகளை விட்டுவிட்டு அறை எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1:
நீங்கள் கூறும் இரண்டும் வெவ்வேறு பிழைகள். முதலாவது அளவீட்டின் பிழை. புளூடூத் சமிக்ஞையின் வலிமையிலிருந்து கணிக்கும் தொலைவு சில மீட்டர்கள் பிசகக்கூடியது என்பதால், அதிலிருந்து பெறும் அறை எண்ணும் அதே அளவுக்குத் தவறும். கேம்பிரிட்ஜ் ஒலிவெட்டி ஆய்வகத்தில் 1990-ஐ ஒட்டி உருவான ஆக்டிவ் பேட்ஜ் என்ற, ஆட்கள் அணியும் இடங்காட்டி வில்லை அறையைச் சரியாகச் சொன்னதற்குக் காரணம், அது பயன்படுத்திய அகச்சிவப்புக் கதிர் சுவரைக் கடக்காததுதான். பின்னர் கேம்பிரிட்ஜிலேயே வந்த ஆக்டிவ் பேட், மீயொலியைக் கொண்டு சில சென்டிமீட்டர் துல்லியத்தில் ஆயத்தொலைவுகளையே தந்தது.

இரண்டாவது, இடத்தைத் தரவுத்தளத்தில் குறிக்கும் மாதிரியின் பிழை: நேர்கோட்டுத் தொலைவை மட்டும் பார்ப்பதால் இடையிலுள்ள தளம் கணக்கில் வருவதில்லை. ஒவ்வொரு அறையையும் பெயரும் எல்லைப் பலகோணமும் உடைய கணுவாக (உறவுகளால் இணைக்கப்படும் ஒரு புள்ளியாக) வைத்து, "எதற்குள் எது" என்ற உறவையும் "எந்தக் கதவு எங்கே திறக்கிறது" என்ற உறவையும் தனித்தனியே பதியுங்கள். அருகாமையைக் கதவுகள், படிக்கட்டுகள் வழியாக நடக்கும் தொலைவாகக் கணக்கிட்டால் மேல்மாடிச் சிக்கல் தீரும்.

மறுமொழி 2:
ஒன்றைச் சேர்க்கிறேன். தள்ளுவண்டியில் ஏற்றிய கருவியின் இடத்தை வண்டியைச் சார்ந்து பதிந்தால், வண்டி நகரும்போது ஒரே பதிவைத் திருத்தினால் போதும். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் ஈஸிலிவிங் என்ற திறன்மிகு அறைத் திட்டத்தில், இரு பொருள்களுக்கு இடையிலான அளவீடுகளை அவற்றின் ஐயப்பாட்டு அளவோடு (எவ்வளவு பிசகலாம் என்பதோடு) சேமித்து, அவற்றைக் கோத்து மற்ற இடங்களைக் கணித்தார்கள். அளந்த நேரத்தையும் கட்டாயம் பதியுங்கள். நேற்றுக் கண்டதை "இங்கே இருக்கிறது" என்று திரை சொல்லக் கூடாது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அலமாரிகளையும் கணுக்களாக்க வேண்டுமா?

மறுமொழி 1:
தேடுபவர் அலமாரியின் பெயரைச் சொல்லிக் கேட்பார் என்றால் ஆக்குங்கள். ஆனால் உங்கள் வில்லைகளால் இரண்டு அலமாரிகளைப் பிரித்தறிய இயலாது. கருவியை வைப்பவர் கியூஆர் குறியை வருடிப் பதிந்தால் மட்டுமே அந்தத் தகவலை நம்பலாம்.